செம்பாட்டு மண்ணில் கத்தும் கருவியை எவ்வாறு சரிசெய்வது?

கேள்வி: கோப்பாய்த் தோட்டக்காரன்

வணக்கம். எங்கள் வெங்காயத் தறையில் களை பிடுங்கும்போது அக்காவின் பொன் மோதிரம் விரலிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் உலோகந் தேடும் கருவியை இரவல் வாங்கினேன். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவி. கசூரினாக் கடற்கரையின் உலர்ந்த மணலில் அமைதியாக வேலை செய்யும் அது, எங்கள் செம்பாட்டில், நுனியிலுள்ள தேடும் தட்டை வீசும் ஒவ்வொரு முறையும் கத்துகிறது. உணர்திறனைக் கூட்டினேன், சத்தம் மட்டுமே கூடியது. அலை நனைக்கும் மணலிலும் இதே கூச்சல்தான். கருவி பழுதா?

மறுமொழி: சுன்னாகத்தார்

பழுதாக இராது, தம்பி. இரண்டு இடங்களிலும் கேட்பது ஒரே சத்தமானாலும் காரணம் வேறு. சுண்ணக்கல்லின் மேலுள்ள எங்கள் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு; அதில் காந்தத்தன்மை மிகுந்த நுண்துகள்களும் கலந்திருப்பதால், தட்டிலுள்ள சுருளின் காந்தப்புலத்துக்கு மண்ணே பதில் சொல்கிறது. ஈரக் கடற்கரையில் உப்புநீர் மின்னைக் கடத்துவதால் கருவி மயங்குகிறது.

முதலில் உலோகப் பிரிப்பை, அதாவது வேண்டாத உலோகங்களின் ஒலியை அடக்கும் அமைப்பை, முற்றாக நிறுத்துங்கள். பிறகு உலோகம் எதுவுமில்லாத ஒரு முழ இடத்தைத் தேர்ந்து, தட்டை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து நிலத்துக்கு இரண்டு மூன்று விரல் மேல்வரை திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றியபடியே, மண்ணின் பதிலைக் கழித்துவிடும் மண் சமநிலைத் திருகியைத் திருப்புங்கள்; இறக்கும்போது சத்தம் கூடினால் ஒரு பக்கமும், ஏற்றும்போது கூடினால் மறு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பி, இரண்டிலும் ஓசை மாறாத நிலையில் விடுங்கள். நீர் பாய்ச்சிய தறையிலிருந்து காய்ந்த தறைக்கு மாறினால் மீண்டும் பாருங்கள்.

அதன்பின் உணர்திறனைப் பாதியாகக் குறையுங்கள். கூட்டினால் மோதிரத்தின் குரலோடு மண்ணின் குரலும் சேர்ந்தே உயரும். இந்த மண்ணில் குறைத்தவனுக்கே ஆழம் கிடைக்கிறது. தேடும்போது வெள்ளித்தாளை ஒதுக்கும் அமைப்பைப் போடவே வேண்டாம். மெல்லிய பொன் மோதிரமும் கருவிக்கு வெள்ளித்தாளைப் போலவேதான் ஒலிக்கும். நான் ஒருமுறை அதனால்தான் ஒரு நாள் முழுவதையும் வீணாக்கினேன்.

மறுமொழி: பழைய வளவு

சுன்னாகத்தார் சொன்னதோடு ஒன்று. தோட்டத்தில் பழைய வீட்டின் ஓட்டுத்துண்டுகளோ செங்கல் உடைவுகளோ கிடக்கின்றனவா? சூளையில் சுட்ட களிமண்ணின் காந்தத்தன்மை கூடிவிடுவதால், சுற்று மண்ணுக்குச் சமன்செய்த கருவி அவற்றை உலோகமென்றே நம்பிவிடும். தட்டைச் சற்று உயர்த்தியதும் சட்டென மறையும் ஒலியை முதலில் சந்தேகியுங்கள். சிறிய தட்டு கிடைத்தால் மாட்டுங்கள். அது ஒரு நேரத்தில் பார்க்கும் மண் குறைவு, ஆகையால் குழப்பமும் குறைவு.

போர் நடந்த நிலம் என்பதையும் மறக்கலாகாது. ஆழத்திலிருந்து பெரிய இரும்பின் ஒலி கேட்டால் மண்வெட்டியை வைக்காமல், இடத்தை அடையாளமிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

மறுமொழி: வடமராட்சிக் கரை

ஈர மணலைப் பற்றி: ஒற்றை அதிர்வெண் கருவியில் உப்புக்குச் சமன்செய்தால் காந்தத் துகளுக்குச் சமன் கலையும், துகளுக்குச் செய்தால் உப்பு கத்தும். பல அதிர்வெண் கருவியோ, காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் துடிப்பு முறைக் கருவியோ அங்கு மேலானது. ஆனால் துடிப்புக் கருவி ஆணியையும் மோதிரத்தையும் நன்றாகப் பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றையும் தோண்ட வேண்டியிருக்கும். சங்கிலி தொலைத்தவர்கள் கேட்பதுண்டு: மெல்லிய சங்கிலியின் வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பொருளாகவே தெரிவதால், அதைவிடப் பாரம் குறைந்த மோதிரம் கூட எளிதில் அகப்பட்டுவிடும்.

கோப்பாய்த் தோட்டக்காரன்

நன்றி. இன்று காலை சொன்னபடி சமன்செய்து, உணர்திறனைப் பாதிக்கும் கீழே வைத்தேன். முதல் மூன்று ஒலிகளும் ஓட்டுத்துண்டுகள். நான்காவது, வாய்க்கால் வரம்போரம் நான்கு விரல் ஆழத்தில், வெள்ளித்தாள் என்றே திரை காட்டியது; தோண்டினால் மோதிரம். கருவியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மா தன் பழைய தோட்டையும் தேடச் சொல்கிறார்.