புதுப்பிப்பு: கோப்புச் சேமிப்பை வருணிக்கும் குட்டி மொழி, கணக்கு இப்போது ஒத்துப்போகிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தமிழ் வகுப்புக்குச் சேர்த்த 20,000 சின்னக் கோப்புகள், சராசரி 700 பைட். கோப்புகள் வட்டில் பிடிக்கும் இடத்தைக் கணக்கிட நான் உருவாக்கும் குட்டி நிரல்மொழியில் மாதிரி எழுதினால் 14 எம்பி. வட்டிலோ 82 எம்பி. ஏன்? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது, "ஒவ்வொரு கோப்பின் அளவையும் 4096 பைட்டின் மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கு" என்ற யோசனை. எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைமை) வட்டை 4096 பைட் துண்டுகளாக, அதாவது பிளாக்குகளாக, ஒதுக்கும்; அதில் 700 பைட்டும் ஒரு முழு பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். 20,000 × 4096, கிட்டத்தட்ட 82 எம்பி.

ஆனால் அதை மொழிக்குள்ளேயே புதைக்காமல், `பிளாக் 4096`, `உள்ளடக்கு 2048` என்று எழுதும் விதியாக வைத்தேன். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை சின்னக் கோப்புகளுக்குத் தனி பிளாக் ஒதுக்காமல், மெட்டாடேட்டாவுக்குள்ளேயே (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் பகுதி) வைக்கும். இயல்பான வரம்பு 2048 பைட். அதையும் இப்போது ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

எதிர்பாராதது கோப்புப் பெயர். எக்ஸ்ட்4-இல் வரம்பு 255 பைட், எழுத்துக் கணக்கு இல்லை. யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை)-இல் 'நிகழ்ச்சி' பார்க்க ஐந்து எழுத்து, ஆனால் 27 பைட்! நீளமான தலைப்புகள் சில சேமிக்கவே மறுத்தன. அதனால் `பெயர்` வகையின் நீளத்தைப் பைட்டில் மட்டுமே அளக்கும்படி மாற்றிவிட்டேன்.

கோப்புச் சுருக்கத்தை (கம்ப்ரஷன்) மாதிரியாக்கும் பகுதி இன்னும் பாக்கி. அதற்கு வேறு இழை போடுகிறேன்.