கொருக்குப்பேட்டைல தமிழ் மறவன் பட்டாம்பூச்சி வருமா?

கொருக்குப்பேட்டை வாசி:
எங்க வீட்டாண்ட தண்டவாளத்தோரம் எருக்கஞ்செடி ஒண்ணு கீது, ஒரு வாரமா ஆரஞ்சு கலர் பட்டாம்பூச்சி அதையே சுத்தி சுத்தி வருது, இறக்கை ஓரம் கறுப்பு. எம்பொண்ணு அஞ்சாவது படிக்கிறா, இதான்ப்பா நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன்னு நோட்டுல படமே வரைஞ்சுட்டா. நெசமாவே அதுதானா, தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

எண்ணூர் பறவை:
முன்இறக்கை நுனில கறுப்புக்குள்ள வெள்ளைப் பட்டை தெரியுதா பாருங்க. தெரிஞ்சா அது வெந்தய வரியன். மறவனுக்கு மேல்பக்கம் அந்த வெள்ளை கெடையாது. எருக்கை சுத்துதுன்னா முட்டை வைக்கத்தான், இலைக்கு அடில தேடுங்க, கறுப்பு வெள்ளை மஞ்சள்னு வளையம் போட்ட புழு, முதுகுல மூணு ஜோடி கறுப்புக் கொம்பு. எருக்கம்பால் கண்ல பட்டா ஆபத்து, பாப்பாவ செடிய ஒடிக்க விடாதீங்க.

கொருக்குப்பேட்டை வாசி:
சரிண்ணா, காலைல பாக்கறேன். அப்ப மறவன் நம்ம பக்கம் வரவே வராதா?

மலைக்காட்டு நடை:
வராதுங்க, அது காட்டுப் பூச்சி. 2019ல தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்சாங்க, ஆனா அதப் பாக்கணும்னா மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போகணும், ஏன்னா அதோட புழு தின்றது நீரடிமுத்து மரத்து இலைய, முன்னாடி குஷ்டத்துக்கு மருந்தா எண்ணெய் எடுத்தாங்களே அந்த மரம், மலையாளத்துல மரோட்டி, அதனாலயே அங்க இந்தப் பூச்சிக்கும் மரோட்டி சலபம்னுதான் பேரு. மரம் இல்லாத ஊர்ல பூச்சி எப்படி தங்கும்? ஆனைமலைப் பக்கம் ஓடைக்கரை ஈரமண்ல உக்காந்து உப்பு உறிஞ்சிட்டிருக்கும், ஒரு அடி எடுத்து வெச்சா போதும், சட்டுனு காணாமப் போயிடும். உங்க வெந்தய வரியன் அப்படி பயப்படாது, மெதுவாத்தான் பறக்கும், புழுவா இருக்கறப்ப தின்ன எருக்கோட விஷம் உடம்புல இருக்கறதால குருவிங்க தொட யோசிக்கும். இத பாத்து விஷமே இல்லாத இன்னொரு பூச்சியோட பொண்ணுங்க அச்சு அசலா இதே வேஷத்துல திரியுதுங்க, எனக்கு மறவன விட இந்தக் கதைதான் ரொம்ப புடிக்கும்.

கொருக்குப்பேட்டை வாசி:
வெள்ளைப் பட்டை கீதுண்ணா! புழுவும் ரெண்டு கெடைச்சுது, கொம்ப எம்பொண்ணே எண்ணிட்டா, ஆறு. பூ மாலை கட்டறதுக்கு எருக்கம்பூ பறிக்க வர அக்காகிட்ட, அந்தக் கிளைய மட்டும் வுட்டுடுக்கான்னு சொல்லிட்டேன்.