புதுப்பிப்பு: மாமா கடைப் பக்கம் திரும்பக் கிடைத்தது

போன வாரம் எழுதியிருந்தேன் இல்லையா, ரங்கூனில் எங்கள் மாமாவின் மசாலாக் கடை முகநூல் பக்கத்தை யாரோ பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளர்களிடம் அவசரமாகப் பணம் கேட்கிறார்கள் என்று. பக்கம் முந்தாநாள் கைக்கு வந்துவிட்டது.

பக்கம் பறிபோன விதம்தான் வெட்கக்கேடு. கடவுச்சொல், கடையின் போன் நம்பர். அது கடைப் பலகையில் முழ உயரத்தில் எழுதியிருக்கிறது, அந்தப் பலகையின் போட்டோதான் பக்கத்தின் முகப்புப் படம்! புதிதாக யாராவது உள்ளே நுழையும்போது சரிபார்க்கப் போனுக்கு வரும் ஆறு இலக்க எண் காப்பாற்றியிருக்க வேண்டும். "மாமாதான் கேட்கச் சொன்னார்" என்று மெசேஜ் வந்ததும் கல்லாவில் இருந்த தம்பி அதையும் அனுப்பிவிட்டான்.

கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றுங்கள் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசியில் 1, 2 என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டே 2017-ல் அது வேண்டாம் என்றுவிட்டது. 2009-ல் ராக்யூ என்ற சமூக ஊடகச் செயலித் தளத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் கசிந்தபோது முதலிடம் 123456-க்கு, ஏறக்குறைய 2.9 லட்சம் பேர். மாமா மட்டும் என்ன விதிவிலக்கா?

சரி, இப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைக் கடவுச்சொல்லாக வைத்து, தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் போட்டேன். எங்கோ இருக்கும் திருடனால் பெட்டியைத் திறக்க முடியாதே.

நேற்று மாலை மாமா அந்தத் தாளில் ஏலக்காய் மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டார். மறுபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.