வளைவு வரும் இடத்தில் மட்டும் டேபிள் நடுங்குகிறது: பால் ஸ்க்ரூவா, ப்ரோகிராமா?

வேலந்தாவளம் பேட்டர்ன்

வணக்கம். வேலந்தாவளத்தில் கேரளா பக்கம் வார்ப்புக்கு மாதிரி செய்யும் சின்ன பேட்டர்ன் ஷாப் வைத்திருக்கிறேன். கோயமுத்தூர் ஃபவுண்டரிகளுக்குப் பம்ப் வேலைதான்: கேசிங் பேட்டர்ன், வார்ப்பின் உள்கூட்டுக்கு மணல் இடிக்கும் கோர் பாக்ஸ். செகண்ட் ஹேண்டில் எடுத்த விஎம்சி (ப்ரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின்), கன்ட்ரோல் ஃபனுக் 0ஐ-எம்சி. ஸ்பிண்டில் 8000 ஆர்பிஎம் வரை.

ரஃப்பிங் ஜோராகப் போகிறது. ஃபினிஷிங்கில்தான் தகராறு. அலுமினிய கோர் பாக்ஸ், 6 மிமீ பால்நோஸ் (முனை உருண்டையான டூல்), ஃபீட் நிமிடத்துக்கு 2000 மிமீ, ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த பாதைகளின் இடைவெளி) 0.2 மிமீ. தட்டையான இடத்தில் ஸ்கிரீனில் ஆக்சுவல் ஃபீட் 2000 காட்டுகிறது. உள் மூலை வளைவுக்குள் டூல் இறங்கியதும் 300-க்குப் பக்கம் விழுந்து, ஏறி, மறுபடி விழுகிறது. டேபிள் கடகடவென்று நடுங்குகிறது. கையை வைத்தாலே தெரியும். அந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாகப் புள்ளி விழுகிறது, எமரி போட்டாலும் முழுசாகப் போக மாட்டேன் என்கிறது.

மெஷின் மெமரி போதாததால் லேப்டாப்பிலிருந்து ஆர்எஸ்232 கேபிளில் ப்ரோகிராமை வரி வரியாக அனுப்பி ஓட்டுகிறோம். 9600 பாட் ரேட். சர்வீஸுக்கு வந்தவர் டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பேரிங் போய்விட்டது, கழற்றி மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். மாற்றினால் சரியாகும் என்று உறுதியாகத் தெரிந்தால் செலவு செய்யலாம். தெரியவில்லையே!

கோர் பாக்ஸுக்கான அலுமினிய பிளாக்கைக் கொடுப்பது ஃபவுண்டரி. ரிஜெக்ட் ஆனால் சும்மா வண்டியில் போட்டுத் திருப்பிக்கொண்டு வர முடியாது. மாநிலம் தாண்டுகிற ஜாப் ஒர்க் என்பதால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும்.

ப்ரோகிராமில் வளைவில் ஓடும் மூன்று வரி இது:

என்48210 எக்ஸ்41.207 ஒய்-18.664 இசட்-12.331
என்48211 எக்ஸ்41.348 ஒய்-18.523 இசட்-12.345
என்48212 எக்ஸ்41.489 ஒய்-18.382 இசட்-12.351

கஞ்சிக்கோடு நைட் ஷிஃப்ட்

எங்கள் கம்பெனியிலும் பழைய மெஷின் ஒன்றில் இதே மாதிரி நடுக்கம் வந்தது. ஒய் ஆக்ஸிஸ் ஸ்க்ரூவைப் பிடிக்கும் திரஸ்ட் பேரிங்கை மாற்றிய பிறகுதான் நின்றது. செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், முன்னாடி இருந்தவர் என்ன பாடு படுத்தினாரோ. மெக்கானிக் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். கப்ளிங் போல்ட்டும் ஒரு தடவை பாருங்க.

கொழிஞ்சாம்பாறை மில்லிங்

தம்பி, எதையும் கழற்றாதீங்க. பேரிங் போன மெஷின் தட்டையான இடத்தில் மட்டும் ஒழுங்காக ஓடி, வளைவைக் கண்டதும் நடுங்காது. நீங்க போட்டிருக்கிற மூன்று வரியிலேயே பதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வரிக்கும் இரண்டாவதுக்கும் எக்ஸில் 0.141, ஒய்யில் 0.141. அதாவது மெஷின் ஒரு வரிக்கு நகர்வது 0.2 மிமீ. ஃபீட் 2000 என்றால் நொடிக்கு 33 மிமீ. அப்படியானால் நொடிக்கு 167 வரி மெஷினுக்கு வந்து சேர வேண்டும்.

இப்போது கேபிள் எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்க. 9600 என்பது நொடிக்கு 9600 பிட். 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட், ஒரு ஸ்டார்ட் பிட் என்று வைத்தால் ஒரு எழுத்துக்கு 11 பிட் போகும். நொடிக்குச் சுமார் 870 எழுத்து. உங்க வரியை எண்ணினால் முன்னால் இருக்கும் வரி எண் (என்48210), இடைவெளி, கடைசியில் வரும் வரி முடிவு எல்லாம் சேர்த்து 33 எழுத்து. ஆக நொடிக்கு 26 வரி. 26 வரி, வரிக்கு 0.2 மிமீ; நிமிடத்துக்கு 316 மிமீ. நீங்க ஸ்கிரீனில் பார்த்த 300 இதுதான்!

பந்தியில் பத்துப் பேருக்கு ஒரே ஆள் ஒரே கரண்டியோடு பரிமாறுகிற கதைதான். வந்த வரியைத் தின்றுவிட்டு மெஷின் நிற்கிறது, அடுத்தது வந்ததும் பாய்கிறது, மறுபடி நிற்கிறது. அந்த நிற்பதும் பாய்வதும்தான் நடுக்கம். நிற்கிற நேரத்தில் டூல் அதே இடத்தில் சுற்றித் தேய்க்கிறதே, அதுதான் குழி. தட்டையான இடத்தில் ஒரு வரியே பல மிமீ ஓடுவதால் கேபிளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டு சோதனை செய்யுங்க. ஒன்று, அதே வளைவில் வேகத்தைக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடை 10 சதவீதத்துக்கு இறக்குங்க. 200 மிமீ ஃபீடுக்குக் கேபிள் தாராளமாகப் போதும். நடுக்கம் நின்றுவிட்டால் பட்டினிதான் காரணம். இரண்டாவது, எம்டிஐயில் (மெஷினிலேயே வரியைத் தட்டி ஓட்டும் மோடு) ஒரே வரியில் முழு வட்டம் ஓட்டுங்க, ஜி02 வட்டக் கட்டளையில், 60 மிமீ விட்டம், அதே 2000 ஃபீட். ஒரு வட்டத்துக்கு ஒரு வரிதான், கேபிளுக்கு அங்கே வேலையே இல்லை. எக்ஸும் ஒய்யும் இரண்டும் சேர்ந்து ஓடும், மெக்கானிக்கலில் கோளாறு இருந்தால் அங்கே வெளியே வந்துவிடும். கழிவு அலுமினியத் துண்டில் ஒரு மெல்லிய கட் கொடுத்து, விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்க.

மெமரி பற்றியும் ஒன்று. அந்தக் கன்ட்ரோலில் மெமரியை மீட்டரில் சொல்வார்கள், 640 மீட்டர் என்று. காகித டேப் காலத்துக் கணக்கு அது: அங்குலத்துக்கு 10 எழுத்து, 640 மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் எழுத்து. இன்றைக்கு, டிசைனிலிருந்து ப்ரோகிராம் போடும் கேம் சாஃப்ட்வேர் துப்புகிற ஃபினிஷிங் ப்ரோகிராம் அதற்குள் எங்கே அடங்கும்?

வேலந்தாவளம் பேட்டர்ன்

அண்ணா, செய்து பார்த்தேன். ஓவர்ரைடு 10-ல் வளைவு வெண்ணெய் மாதிரி போகிறது. வட்டமும் ஓட்டினேன். நடுக்கம் துளிகூட இல்லை. ஆனால் ஒய் திசை திரும்பும் இரண்டு முனையிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அது வேறு கதையா?

ஃபீடை 200-லேயே வைத்தால் ஒரு பாக்ஸ் முடிய விடிந்துவிடும். என்ன வழி?

தடா டூல்ரூம்

கோடு வேறு கதை, அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேபிள். 0ஐ-எம்சியில் ஸ்கிரீன் பக்கத்திலேயே மெமரி கார்டு ஸ்லாட் இருக்கும். பிசிஎம்சிஐஏ அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் போட்டு நேராக அதிலிருந்தே ஓட்டலாம். பாராமீட்டர் 20-ல் 4 போடுங்க, 138-ல் 7-வது பிட்டை 1 ஆக்குங்க, மோடு ஆர்எம்டி. சின்ன கார்டாக எடுங்க, 2 ஜிபிக்குள், ஃபேட் ஃபார்மட்டில். ஓடும்போது அதிர்வில் அடாப்டர் நழுவினால் நடு வேலையில் நின்றுவிடும், அதை மட்டும் இறுக்கிப் பிடிக்க ஒரு வழி செய்துகொள்ளுங்க.

கேபிளே போதும் என்றால் பாராமீட்டர் 103-ல் 11 இருக்கும், அது 9600 பாட் ரேட். 12 போட்டால் 19200. சேனல் 1 என்றால் 113. லேப்டாப்பிலும் அதையே மாற்ற வேண்டும். 87 அலாரம் வந்தால் பஃபர் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம், நிறுத்து, அனுப்பு என்று இரண்டு முனையும் சொல்லிக்கொள்ளும் ஹேண்ட்ஷேக் செட்டிங்கைப் பாருங்க. 86 என்றால் மறுமுனையின் ரெடி சிக்னல் இல்லை, பெரும்பாலும் கேபிள் கழன்றிருக்கும்.

லேப்டாப் சார்ஜரை மெஷினுக்கு இருக்கிற அதே எர்த்தில்தான் சொருக வேண்டும். எங்கள் ஊரில் சீரியல் போர்ட் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான், மீதிப் பாதி மழைக்கால இடி. வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்க.

கொழிஞ்சாம்பாறை மில்லிங்

கார்டு நல்ல வழிதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்க. ஆனால் அதற்கு முன்னால் ப்ரோகிராமின் கொழுப்பைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டில் போட்டாலும் பழைய கன்ட்ரோல் வரிகளைப் படித்து முடிக்கத் திணறும்.

உங்க கோர் பாக்ஸ் உள் மூலை ஆரம் 8 மிமீ என்று நினைக்கிறேன், சரியா? பால்நோஸ் ஆரம் 3 கழித்தால் டூல் ஓடும் பாதையின் ஆரம் 5. கேம் சாஃப்ட்வேர் வளைவைச் சின்னச் சின்ன நேர்கோடாக உடைக்கிறது. ஒவ்வொரு கோட்டின் நீளம் எவ்வளவு என்பதை டாலரன்ஸ்தான், அதாவது கோடு வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவுதான், முடிவு செய்யும். 8-ஐ ஆரத்தாலும் டாலரன்ஸாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. டாலரன்ஸ் 0.001 என்றால் 8 × 5 × 0.001 = 0.04, மூலம் 0.2. உங்க ஃபைலில் இருப்பது அச்சு அசலாக அதுதான்! அதையே 0.01 ஆக்கினால் கோடு 0.63 மிமீ. வரி எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்த 0.001 யார் வைத்தது? சாஃப்ட்வேர் விற்றவர் கொடுத்த டெம்ப்ளேட்டாக இருக்கும். ஊசி முனை அளவு துல்லியம் என்று சொன்னால் கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். நீங்க செய்வது கோர் பாக்ஸ். அதில் இடிக்கிற மணல் துகளே 0.2, 0.3 மிமீ. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும் என்று நீங்களே அலவன்ஸ் கொடுக்கிறீங்க. அங்கே மைக்ரானுக்கு என்ன வேலை? ஸ்டெப்ஓவரும் அப்படியே. 6 மிமீ பால்நோஸில் 0.2 வைத்தால் இரண்டு பாதைக்கு நடுவில் நிற்கும் மேடு 0.0017 மிமீ, 0.4 வைத்தால் 0.0067. எமரி ஒரு இழுப்பில் எடுத்துவிடும், நேரம் பாதியாகும்.

அடுத்தது பாஸ் ஆங்கிள், அதாவது டூல் ஓடும் திசையின் கோணம். எக்ஸும் ஒய்யும் சமமாக நகர்வதால் 45 டிகிரியில் ஓட்டுகிறீங்க என்று தெரிகிறது. பலருக்கும் அது பழக்கம், இரண்டு பக்கச் சுவரிலும் ஒரே மாதிரி ஃபினிஷ் வரும் என்று. ஆனால் ஸ்மூத்திங்கை ஆன் செய்தால் சாஃப்ட்வேர் நேர்கோடுகளைச் சேர்த்து ஜி02, ஜி03 வட்டமாக மாற்றும் அல்லவா? அந்த வட்டம் ஜி17 (எக்ஸ்-ஒய்), ஜி18 (எக்ஸ்-இசட்), ஜி19 (ஒய்-இசட்) மூன்று தளத்தில் ஒன்றில்தான் கிடக்க முடியும். 45 டிகிரியில் செங்குத்தாக இறங்கும் வளைவு எந்தத் தளத்திலும் சேராது. 0 டிகிரி வைத்தால் ஜி18-லும், 90 வைத்தால் ஜி19-லும் விழும். முப்பது நாற்பது வரி ஒரே வரியாகச் சுருங்கிவிடும். போஸ்டில் (பாதையை உங்க மெஷினுக்கு ஏற்ற வரிகளாக எழுதும் பகுதி) அந்த இரண்டு தளத்துக்கும் ஆர்க் அனுமதி இருக்கிறதா என்று பாருங்க. முதல் தடவை ஒரு இன்ச் மேலே தூக்கிக் காற்றில் ஓட்டுங்க. ஜி18-ல் வட்டத் திசை கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

வரி எண்ணையும் இடைவெளியையும் போஸ்டில் அணைத்துவிடுங்க, 33 எழுத்து 24 ஆகும். இதெல்லாம் செய்து 19200-ல் வைத்தால், ஆர்க் ஒன்றுகூட வராவிட்டாலும் கேபிளே 2000-க்கு மேல் தாங்கும்.

கடைசியாக, ஃபினிஷிங் தொடங்கும் முன் தனி வரியில் ஜி05.1 கியூ1 போட்டுப் பாருங்க, முடிவில் ஜி05.1 கியூ0. முன்னால் வரும் வரிகளைப் பார்த்து வேகத்தைச் சீராக்கும். அது காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன். இல்லாவிட்டால் அலாரம் அடிக்கும், எடுத்துவிடுங்க.

வேலந்தாவளம் பேட்டர்ன்

மூலை ஆரம் 8-தான் அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீங்க!

0.01 டாலரன்ஸ், 0 டிகிரி, ஸ்மூத்திங் ஆன், 19200. ஜி05.1-க்கு அலாரம் வந்தது, எடுத்துவிட்டேன். வளைவுக்குள் ஆக்சுவல் ஃபீட் 1900-க்குக் குறையவில்லை. குழி ஒன்றுகூட இல்லை. ஸ்டெப்ஓவர் 0.3-ல் நிறுத்திக்கொண்டேன், 0.4-க்கு மனசு வரவில்லை. ஃபவுண்டரிக்காரர் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அந்த ஒய் கோட்டுக்கு என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை மில்லிங்

அது பேக்லாஷ், திசை திரும்பும்போது ஸ்க்ரூ பக்கம் இருக்கிற ஆட்டம். கஞ்சிக்கோட்டுக்காரர் சொன்னது அங்கே பொருந்தும்.

ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டி, ஹேண்டில் மோடில் ஒய்யை ஒரே திசையில் கொஞ்ச தூரம் நகர்த்தி டயலைப் பூஜ்யமாக்குங்க. அப்புறம் ஹேண்டிலை எதிர்த்திசையில் ஒவ்வொரு கிளிக்காகச் சுற்றுங்க, 0.001 ஸ்டெப்பில். முள் அசையும் வரை எத்தனை கிளிக் என்று எண்ணுங்க. டேபிளின் நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரத்திலும் ஒரு தடவை. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி 10, 15 மைக்ரான் வந்தால் பாராமீட்டர் 1851-ல் ஒய்க்கு இருக்கிற எண்ணோடு அதைக் கூட்டிப் போடலாம். அது பொதுவாக மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். பழைய எண்ணை முதலில் எழுதி வையுங்க.

நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் வந்தால் ஸ்க்ரூவே நடுவில் தேய்ந்திருக்கிறது, எண் போட்டு மறைக்க முடியாது. 30-ஐத் தாண்டினால் திரஸ்ட் பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அதுவும் ஒய் ஒன்றுக்கு மட்டும். எஸ்டிமேட்டில் மூன்று ஆக்ஸிஸுக்கும் போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்க.