வேலூரில் நான்கு முறை வென்ற சி. ஞானசேகரன்: சொந்தச் செல்வாக்கா, கூட்டணி பலமா?

கேள்வி – கொசப்பேட்டை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் அறைக்காக, வேலூர் சட்டமன்ற உறுப்பினர்களை வரிசைப்படுத்தி ஒரு சுவர்ப்படம் தயாரித்து வருகிறேன். முன்னாள் உறுப்பினர் சி. ஞானசேகரனின் பெயருக்கு வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. 1991-இல் காங்கிரஸ், 1996-இலும் 2001-இலும் தமிழ் மாநில காங்கிரஸ், 2006-இல் மறுபடியும் காங்கிரஸ் எனத் தொடர்ந்து நான்கு பொதுத்தேர்தல்களில் ஒரே தொகுதியில் வென்றிருக்கிறார். "கட்சி மாறிக்கொண்டே இருந்தவர் என்று ஒரு வரி போடுங்கள், வேலை முடிந்தது" என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் நான்கு வெற்றிகளையும் அவருடைய சொந்தச் செல்வாக்கு என்று எழுதவும் தயக்கமாக இருக்கிறது. அந்தத் தேர்தல்களை நேரில் பார்த்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – மண்டித்தெருக்காரர்:

ஆசிரியர் ஐயா, உங்கள் நண்பர் சொல்வது போல இதைக் கட்சித் தாவல் கணக்கில் சேர்க்க முடியாது. 1996-இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் எடுத்த முடிவை ஏற்க மறுத்து, மூப்பனார் தலைமையில் தமிழகக் காங்கிரசாரில் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். அவர்கள் தொடங்கியதுதான் த.மா.கா. 2001 ஆகஸ்டில் மூப்பனார் மறைந்தார். அடுத்த ஆண்டே கட்சி காங்கிரசோடு இணைந்துவிட்டது. ஞானசேகரன் அந்தப் பெருங்கூட்டத்தோடு போனார், அதே கூட்டத்தோடு திரும்பினார்.

அப்போது லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் எங்களுக்கு ஒரு கிடங்கு இருந்தது. அதன் பக்கச் சுவரில் 1991-இல் வரைந்த கைச் சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, 1996-இல் சைக்கிள் வரைந்தார்கள். ஒரே பூச்சுதான் அடித்திருந்தார்கள் போலும், வெயில் ஏறினால் சைக்கிளின் பின்சக்கரத்துக்குள் ஐந்து விரல்களும் தெரியும். பக்கத்தில் உதயசூரியன். 2001-இல் சைக்கிள் அப்படியே இருந்தது, சூரியனை மட்டும் அழித்துவிட்டு இரட்டை இலையை வரைந்தார்கள். உங்கள் கேள்விக்கு அந்தச் சுவரிலேயே பாதி விடை இருந்தது என்று நினைக்கிறேன்.

மறுமொழி – பாலாற்றங்கரை:

மேலே உள்ளவர் சுவரில் பார்த்ததை எண்ணிக்கையாகச் சொல்கிறேன். 1991-இல் காங்கிரஸ் அ.தி.மு.க. அணியில் இருந்தது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வீசிய அலையில், போட்டியிட்ட 65 இடங்களில் 60-ஐ வென்றது. 1996-இல் தி.மு.க. அணியில் த.மா.கா. 40-க்கு 39. 2001-இல் அ.தி.மு.க. அணியில் 32-க்கு 23. 2006-இல் தி.மு.க. அணியில் காங்கிரஸ் 48-க்கு 34. நான்கு முறையும் அவர் நின்ற அணியே மாநிலத்தில் வென்றது. 2011-இல் தி.மு.க. அணி சரிந்தபோது காங்கிரசுக்கு 63 இடங்களில் ஐந்துதான் கிடைத்தது, வேலூரில் அ.தி.மு.க.வின் வி. எஸ். விஜய் அவரைத் தோற்கடித்து, சுகாதாரத் துறை அமைச்சரும் ஆனார்.

ஆற்றைத் தாண்டி எங்கள் காட்பாடிக்கு வாருங்கள். 1991-இல் இங்கே துரைமுருகனாலும் அலையைத் தாங்க முடியவில்லை. ஆனால் தி.மு.க. 31 இடங்களோடு நின்ற 2001-இலும், 23 இடங்களுக்கு இறங்கிய 2011-இலும் அவர் காட்பாடியில் வென்றார். அலைக்கு எதிராக நின்று வெல்வதைத்தான் நான் சொந்தச் செல்வாக்கு என்பேன். ஞானசேகரனின் கணக்கில் அப்படி ஒரு வெற்றி இல்லை.

மறுமொழி – கோட்டைவெளி:

காட்பாடி நண்பரின் கணக்கு சரியானது, ஆனால் அவர் எடுத்திருக்கும் தராசு எனக்குச் சரியாகப் படவில்லை. துரைமுருகனுக்குப் பின்னால் ஒன்றியம், கிளை என்று ஊர்தோறும் வேர்விட்ட ஒரு பெரிய கட்சி இருந்தது. காங்கிரஸ்காரருக்கோ முதல் போராட்டமே தொகுதியைத் தன் கட்சிக்குக் கேட்டு வாங்குவதுதான். தொகுதிப் பங்கீட்டில் வேலூரைக் கூட்டணித் தலைமைக் கட்சி தனக்கே வைத்துக்கொண்டிருந்தால் அவர் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது. இரண்டு திராவிடக் கட்சிகளோடும் மாறி மாறி உடன்பாடு நடந்த இருபது ஆண்டுகளில், ஐந்து தேர்தல்களிலும் வேலூர் அவருக்கே கிடைத்தது என்றால், அதைக் கூட்டணி பலம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியுமா? அந்த ஐந்தாவது தேர்தலில் தோற்றார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் படத்தில் சேர்க்கலாம். நான்கு முறை வென்ற அணியில் இருந்தும், அவர் ஒரு நாள்கூட ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்ததில்லை. 1996-க்குப் பின் டெல்லியில் த.மா.கா.வுக்கு மத்திய அமைச்சர்கள் இருந்தார்கள், சென்னையிலோ தி.மு.க. தனிப் பெரும்பான்மையோடு ஆண்டது, எதிர்க்கட்சித் தலைவர் பதவியே த.மா.கா.விடம் இருந்தது. 2006-இல் தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான். ஆட்சி காங்கிரசின் ஆதரவில் ஓடியது, ஆயினும் அந்த ஆதரவு வெளியிலிருந்துதான். ஆக, 'கோட்டை'யில் அவருக்கு நாற்காலி கிடைக்கவே இல்லை. (நம் ஊரில் கோட்டை என்றால் அகழி சூழ்ந்த நம் கோட்டைதான், நான் சொல்வது ஜார்ஜ் கோட்டையை.)

கேட்டவர் – கொசப்பேட்டை ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. 'கட்சி' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'எந்த அணியில்' என்று இன்னொரு பத்தியைச் சேர்த்துவிட்டேன். அவருடைய நான்கு வரிசைகளில் அ.தி.மு.க., தி.மு.க., அ.தி.மு.க., தி.மு.க. என்று மாறி மாறி வருவதைப் பார்த்த நண்பர், தம் ஒரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தோல்வியடைந்த 2011-ஐ உறுப்பினர் பட்டியலில் சேர்க்க இடமில்லை, அதை வி. எஸ். விஜயின் வரிசைக்குக் கீழே சிறிய எழுத்தில் குறித்திருக்கிறேன். மாவட்டத்தின் பெயரில் மட்டும் ஓர் இடறல் இருக்கிறது. 1991-இல் நாம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பின்னர்தான் வேலூர் மாவட்டம். அந்தந்த ஆண்டில் இருந்த பெயரையே எழுதுகிறேன்.