டேபிள் விட்டு டேபிள் பதிவுகளை மாற்றியபோது: உங்கள் அனுபவம் என்ன?

ஒரு துணிக்கடை பில்லிங் மென்பொருளைப் பாதியில் கையில் வாங்கினேன். பழைய வாடிக்கையாளர் டேபிளில் முதலில் ஊர், அடுத்து மாவட்டம். புதியதில் மாவட்டம் முன்னால், ஊர் பின்னால். இரண்டுமே வார்ச்சார், அதாவது எழுத்து வகை. பதிவுகள் ‘இன்சர்ட் இன்டூ, செலக்ட் ஸ்டார்’ (பழையதில் உள்ள எல்லா நெடுவரிசையையும் எடுத்துப் புதியதில் போடு) என ஒரே வரியில் ஏற்றப்பட்டிருந்தன. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, கவுன்ட் எடுத்தாலும் இரு பக்கமும் சரியாகவே இருந்தது. மாவட்டவாரி விற்பனை அறிக்கையில் பொள்ளாச்சி ஒரு மாவட்டமாகவும் கோபிசெட்டிபாளையம் இன்னொரு மாவட்டமாகவும் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இந்தக் கட்டளை நெடுவரிசையின் பெயரைப் பார்ப்பதே இல்லை. முதலாவது முதலாவதில், இரண்டாவது இரண்டாவதில் என்று இடத்தை வைத்துத்தான் போடும். வகை பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கத்திவிடும், தப்பித்தோம். வகை ஒன்றாக இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால்தான் ஆபத்து. அதனால் இன்சர்ட் பக்கமும் செலக்ட் பக்கமும் ஒவ்வொரு பெயரையும் எழுதியே ஆக வேண்டும். நாற்பது நெடுவரிசை இருந்தாலும் சரி.

—

எங்களுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதில் ஆல்டர் டேபிளில் (இருக்கும் டேபிளை மாற்றும் கட்டளை) சேர்க்கும் நெடுவரிசை எப்போதும் கடைசியில்தான் போய் உட்காரும். மைஎஸ்க்யூஎல் மாதிரி ‘ஆஃப்டர்’ போட்டு நடுவில் நுழைக்க முடியாது. ஆகவே வருடக்கணக்கில் வளர்ந்த டேபிளும், இன்று புதிதாக உருவாக்கியதும் ஒரே பெயர்களோடு வேறு வேறு வரிசையில் இருக்கும்.

இன்னொன்று. செலக்டில் நெடுவரிசை குறைந்தால் மைஎஸ்க்யூஎல் 1136 என்ற பிழையோடு நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் நிற்காது, மீதி இடங்களில் டீஃபால்ட் மதிப்பையோ ‘நல்’ எனும் வெற்று மதிப்பையோ நிரப்பிக்கொண்டு போய்விடும். அப்புறம், ஐடியையும் சேர்த்து நகலெடுத்தால் சீக்வென்ஸ் (அடுத்த ஐடி எண்ணைத் தரும் கணக்கு) தானாக நகராது. ‘செட்வால்’ கொடுத்து அதை முன்னே நகர்த்தாவிட்டால் புதிய பதிவு போடும்போது டூப்ளிகேட் கீ என்று அடிவாங்கும்.

—

சரிபார்க்க நான் நம்புவது ‘எக்ஸெப்ட்’. இரண்டு டேபிளிலும் ஒரே பெயர்ப் பட்டியலை ஐடியோடு எழுதி, பழையதிலிருந்து புதியதைக் கழிப்பேன். பிறகு திருப்பிப் போட்டும் ஒருமுறை. இரண்டும் காலியாக வந்தால்தான் பழைய டேபிளைத் தொடுவேன். மைஎஸ்க்யூஎல்லில் 8.0.31-லிருந்து இது உண்டு. அதற்கு முந்தையதாக இருந்தால் லெஃப்ட் ஜாயின் (இரண்டு டேபிளையும் ஐடி வைத்து இணைப்பது) போட்டு ஒப்பிடுங்கள்.