வாத்தியார் வீடு குழு: மாநாட்டுல பார்த்தது, வகுப்புல செய்யறது

*சனிக்கிழமை*

மீனா (மாலை 6:40): சித்தி, கல்வித் தொழில்நுட்ப மாநாடு முடிஞ்சுதா? திங்கட்கிழமையே வகுப்புக்கு எடுத்துட்டுப் போற மாதிரி என்ன இருந்துச்சோ, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க. மத்ததெல்லாம் மெதுவா.

சுந்தரி சித்தி (6:48): பிளிக்கர்ஸ் அட்டை. பிள்ளைங்க கையில போன் வேண்டாம், டேப்லெட் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, உங்க கையில ஒரு போன். அட்டைல கறுப்பு வெள்ளைக் கட்டமா ஒரு உருவம். நாலு பக்கத்துலயும் பொடி எழுத்துல ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி திருப்பிப் பிடிக்கணும். நீங்க போன்ல பிளிக்கர்ஸ் ஆப்பைத் திறந்து, கேமராவை வகுப்பு முழுக்க ஒரு தடவை ஓட்டினா யார் என்ன சொன்னாங்கன்னு பதிவாயிடும்.

சுந்தரி சித்தி (6:49): ஒவ்வொரு அட்டையோட உருவமும் வேற வேற. அதனால பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்தாலும் விடை புரியாது. எழுத்து பொடியா இருக்கறதும் அதுக்குத்தான்.

கதிர் (6:52): எத்தனை அட்டை சித்தி? எங்க வகுப்புல 52 பேர்.

சுந்தரி சித்தி (6:55): சாதாரணத் தொகுப்பு 40 அட்டை, பெரிய தொகுப்பு 63. உனக்குப் பெரியதுதான் வேணும். ஒரு ஏ4 தாள்ல ரெண்டு அட்டை வரும், ஆக 32 தாள். அதுல 26 தாள் உன் வகுப்புக்கு, மிச்சம் உபரி. கொஞ்சம் தடிமனான தாள்ல எடு, 160லருந்து 200 ஜிஎஸ்எம். மெல்லிசா இருந்தா காத்துல வளையும், வளைஞ்சா கேமரா படிக்காது.

மீனா (6:57): லேமினேட் பண்ணிடட்டுமா? என் பிள்ளைங்க சின்னதுங்க, ஒரு வாரம் தாங்காது.

சுந்தரி சித்தி (7:01): பளபளன்னு இருக்கற லேமினேஷன் வேண்டாம்மா. ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு நடுவுல வெள்ளைத் திட்டு விழும், அந்த அட்டை மட்டும் பதிவாகவே ஆகாது. பளபளப்பில்லாத ஷீட் கிடைச்சா போடு, இல்லன்னா தடிமன் தாளே போதும். வெட்டும்போது உருவத்தைச் சுத்தி இருக்கற வெள்ளை ஓரத்தை நறுக்கிடாதே, அது இல்லாம உருவத்தைப் பிரிச்சுப் பார்க்க முடியாது.

பதிவாகாததுக்கு மத்த காரணம் பெரும்பாலும் விரல்தான். கட்டத்து மேல கட்டைவிரல் வந்துடும். ஓரத்தை மட்டும் ரெண்டு விரலால பிடிக்கணும், நெஞ்சுக்கு நேரா, ஆடாம. முதல் நாள் பாடக் கேள்வியே கேட்காதே. “எல்லாரும் பி காட்டுங்க” அப்படின்னு ரெண்டு மூணு தடவை பயிற்சி மட்டும்.

இளங்கோ மாமா (7:04): ஜன்னலுக்கு முன்னால உட்கார்ந்திருக்கற வரிசையையும் சொல்லு சுந்தரி. பின்னால வெயில் அடிச்சா அட்டை மொத்தமும் இருட்டாத் தெரியும். அந்தப் பக்கம் நீ நகர்ந்து நின்னு எடுக்கணும், இல்லன்னா திரையை இழுத்து விடணும்.

சுந்தரி சித்தி (7:06): ஆமாண்ணா, சரியாச் சொன்னீங்க. கடைசி பெஞ்சு பதிவாகலைன்னா அந்தப் பக்கம் ரெண்டடி நடந்து போய் எடுக்கணும்.

அட்டை எண்ணை வருகைப் பதிவேட்டு எண்ணோட பொருத்திடுங்க. 17ஆம் எண் பிள்ளைக்கு 17ஆம் அட்டை. அட்டை மாறிப் போனா விடையும் ஆள் மாறித்தான் பதிவாகும், ஆப் கண்டுபிடிக்காது.

கதிர் (7:10): இது சின்னத் தேர்வு வைக்கற மாதிரிதானே சித்தி? மார்க் போட்டுடலாமா?

சுந்தரி சித்தி (7:18): மார்க் போட்டா கெட்டுடும் கதிரு. மார்க்குன்னு தெரிஞ்சா நல்லாப் படிக்கற பிள்ளை அட்டையை எப்படித் திருப்புதுன்னு பார்த்து எல்லாரும் திருப்புவாங்க. அந்தப் பிள்ளை எதை மேல வச்சுதுன்னு தெரியாட்டியும், விடைக்குக் காத்திருக்கற பழக்கம் வந்துடும்.

இது எரிக் மசூர் ஹார்வர்டுல இயற்பியல் வகுப்புக்காக 1990-கள்ல வளர்த்த முறை. சக மாணவர் கற்பித்தல்னு சொல்றாங்க. கேள்வியைப் போடு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், யாரும் பேசாம யோசிக்கணும். எல்லாரும் ஒரே நேரத்துல காட்டணும். நீ எண்ணிக்கையைப் பார்.

உன் 52 பேர்ல 16 பேருக்குக் கீழ சரியாச் சொன்னா, அதாவது 30 சதவீதத்துக்கும் குறைவுன்னா, பாடம் போய்ச் சேரலைன்னு அர்த்தம். பேச விட்டுப் பயனில்லை, வேற வழியில திரும்ப நடத்து. 36 பேருக்கு மேல, 70 சதவீதம் தாண்டிட்டா, ஏன் சரின்னு ரெண்டு வரி சொல்லிட்டு அடுத்ததுக்குப் போ. நடுவுல இருந்தாத்தான் வகுப்பு சூடு பிடிக்கும். “வேற விடை சொன்ன பக்கத்து ஆளைப் பிடிச்சு, உன் விடை ஏன் சரின்னு ஒத்துக்க வை”ன்னு ரெண்டு மூணு நிமிஷம் விடு. அப்புறம் அதே கேள்விக்கு மறுபடி அட்டை.

சுந்தரி சித்தி (7:20): முக்கியமான ஒண்ணு. ரெண்டாவது அட்டை தூக்கறதுக்கு முன்னால எந்த விடைக்கு எத்தனை பேர்ங்கற வரைபடத்தைத் திரையில காட்டவே கூடாது. உயரமான பட்டை எதுவோ அங்க எல்லாரும் ஓடிடுவாங்க. புரொஜெக்டரை அணைச்சு வைங்க, எண்ணிக்கை உங்க போன்ல மட்டும் இருக்கட்டும்.

மீனா (7:24): அட்டை புரிஞ்சுது சித்தி. எனக்குக் கேள்வி எழுதறதுதான் கஷ்டம். ரெண்டு நிமிஷத்துல எழுதினா எல்லாருமே சரியாச் சொல்லிடறாங்க.

சுந்தரி சித்தி (7:33): அங்கதான் வேலையே இருக்கு. தசமம் எடுத்துக்க. “எது பெரியது? ஏ 0.5, பி 0.45, சி 0.405” அப்படின்னு கேட்டா முக்கால்வாசிப் பேர் 0.5ன்னு சரியாச் சொல்லுவாங்க, மனசு நிறைஞ்சு போகும். ஆனா அதுல ஒரு கூட்டம் “இலக்கம் குறைஞ்சா எண் பெரிசு”ன்னு நம்பற கூட்டம். பத்தில் ஒரு பங்கு பெரிசு, ஆயிரத்தில் ஒரு பங்கு சின்னது, அதனால மூணு இலக்கம் இருந்தா சின்னதுன்னு அவங்க கணக்கு. தப்பா யோசிச்சுச் சரியான விடைக்கு வந்துட்டாங்க. உன் கேள்வி அவங்களைக் காட்டிக் கொடுக்கலை.

இப்போ எண்ணை மாத்து: ஏ 0.5, பி 0.62, சி 0.487. முழு எண் மாதிரி 487தான் பெரிசுன்னு நினைக்கற பிள்ளை சி காட்டும். இலக்கம் குறைஞ்சா பெரிசுன்னு நினைக்கற பிள்ளை ஏ காட்டும். இடமதிப்பு புரிஞ்ச பிள்ளை பி. டியை “தெரியலை”ன்னு வச்சுடு, குருட்டாம்போக்குல காட்டறது குறையும். அட்டையைப் பார்த்ததுமே யாருக்கு எந்த மருந்துன்னு தெரிஞ்சுடும்.

மீனா (7:35): ஐயோ, நான் முதல் கேள்வியைத்தான் அப்படியே எழுதியிருப்பேன்.

சுந்தரி சித்தி (7:37): தப்பு விடையை யோசிச்சு உண்டாக்காதே மீனா. போன தேர்வுத் தாளை எடு, பிள்ளைங்க எழுதின தப்பையே விடையா வை. நோட்டுத் திருத்தும்போது ஓரமா குறிச்சு வச்சாலே போதும். ஒரு பாடவேளைக்கு ரெண்டு கேள்வி, மூணுக்கு மேல வேண்டாம்.

கதிர் (7:41): மாமா, நீங்க மாநாட்டுல இணையம் இல்லாத வகுப்பு பத்தின அமர்வுல இருந்தீங்களே. எங்க ஆய்வகத்துல நெட் வந்தா வரும், இல்லன்னா இல்லை.

இளங்கோ மாமா (7:52): உனக்கு முதல்ல ஃபெட், திரையிலேயே சோதனை செஞ்சு பார்க்கற சிமுலேஷன் தளம். கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர்ல கார்ல் வீமன் 2002-ல தொடங்கினது. அறிவியல், கணிதம் சிமுலேஷன் எல்லாம் இலவசம், நிறைய தமிழ்லயும் இருக்கு. எச்டிஎம்எல்5 வகை சிமுலேஷனை டவுன்லோட் பண்ணினா ஒரே ஒரு கோப்பாத்தான் வரும். பென்டிரைவ்ல போட்டு எல்லாக் கணினிலயும் ஒட்டிடு. பிரவுசர்ல திறந்தா நெட் இல்லாமலே ஓடும்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா சில போன்ல தொட்டதும் வெறும் வெள்ளைப் பக்கமா நிக்கும். கோப்பு கெட்டுப் போகலை, பார்க்கற ஆப்தான் வேற. ஃபைல்ஸ் ஆப்ல போய் “இதைக் கொண்டு திற”ன்னு குரோமைத் தேர்ந்தெடுக்கணும்.

பிள்ளைங்க கையில கொடுத்ததும் உடனே வேலைத்தாள் நீட்டாதே. முதல் அஞ்சு நிமிஷம் இஷ்டத்துக்குத் தட்டிப் பார்க்கட்டும். அதுக்கப்புறம்தான் காது உன் பக்கம் திரும்பும்.

இளங்கோ மாமா (7:58): பாட வீடியோவும் பயிற்சியும் மொத்தமா வேணும்னா கோலிப்ரிங்கற மென்பொருள். ஒரு பழைய கணினியோ, ராஸ்பெர்ரி பைங்கற உள்ளங்கை அளவு கணினியோ போதும். நெட் இருக்கற இடத்துல ஒரு தடவை பாடங்களை இறக்கி ஹார்டு டிஸ்க்ல எடுத்துட்டு வந்து பள்ளிக் கணினில ஏத்தலாம். பிள்ளைங்க போன் அந்தக் கணினி இருக்கற வைஃபைல சேர்ந்து, பிரவுசர்ல அந்தக் கணினியோட ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 8080ன்னு அடிச்சா பாடம் வந்துடும்.

கதிர் (8:00): போன வருஷம் ஒருத்தர் வச்சாரு மாமா. பாதிப் பேருக்குப் பக்கமே வரலை.

இளங்கோ மாமா (8:07): பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்த வைஃபைல இணையம் இல்லைன்னு தெரிஞ்சதும் ஆண்ட்ராய்டு போன் தானாவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். அங்க அந்த முகவரி கிடையாது. சேரும்போது “இணையம் இல்லை, இணைப்பில் இருக்கவா?”ன்னு கேட்டா ஆமான்னு அழுத்தணும். மொபைல் டேட்டாவையும் அணைக்கணும். இதைச் சுவத்துல பெரிசா எழுதி ஒட்டிடு.

இன்னொண்ணு, ரூட்டர் அணைஞ்சு வந்தா கணினியோட முகவரி மாறலாம். ரூட்டர் அமைப்புல அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வை. ராஸ்பெர்ரி பைல இருக்கற வைஃபையையே நம்பி வகுப்பு முழுக்க வீடியோ ஓட்டாதே, திணறும். தனி ரூட்டர் வச்சு, பையைக் கம்பியில இணை. பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் மின்செலுத்தி வேணும். ஏதோ ஒரு போன் சார்ஜரைச் சொருகினா திரையில மின்னல் அடையாளம் வரும், நடுவுல நின்னு போகும். வேலை முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்காம ஷட்டவுன் கொடு, எஸ்டி கார்டு கெட்டுப் போறது அதனாலதான். பை 4ல கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. நெட் இல்லாம மறுபடி ஆன் பண்ணினா தேதி பின்தங்கி நிக்கும், யார் எப்போ படிச்சாங்கங்கற பதிவும் குழம்பும். ஆன் பண்ணினதும் தேதியைச் சரி பண்ணிடு.

மீனா (8:12): கூகுள் ஃபார்ம்ஸ்ல தமிழ் விடை பத்தி யாராவது பேசினாங்களா? சரியான விடைக்கே தப்புன்னு போடுது.

சுந்தரி சித்தி (8:19): அது நம்ம எழுத்துல இருக்கற சிக்கல். ஒரு பிள்ளை “வௌவால்”னு ஔகாரக் குறி போட்டு அடிக்கும். இன்னொண்ணு ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து “வெளவால்”னு அடிக்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற. “மின்னோட்டம்”, “மின் ஓட்டம்” இதுவும் அப்படித்தான். சிறுவிடைன்னா விடைக் குறிப்புல எல்லா வடிவத்தையும் சேர்த்துடு. “மற்ற எல்லா விடையும் தவறு”ங்கற பெட்டில டிக் வைக்காதே. சேராதது உன் பார்வைக்கு வரும், நீயே மதிப்பெண் போடலாம். பிள்ளை சரியா எழுதிட்டுத் தப்புன்னு பார்த்தா மனசு விட்டுடும்.

கதிர் (8:22): பழைய பாமினி எழுத்துரு ஸ்லைடும் வேற கணினில ஆங்கிலக் கிறுக்கலா வருது.

இளங்கோ மாமா (8:24): யூனிகோடுக்கு மாத்திடு. அவசரம்னா அந்த எழுத்துரு இருக்கற கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துட்டுப் போ.

மீனா (8:26): வீடியோ பாடம்? ஏஐ?

சுந்தரி சித்தி (8:34): வீடியோன்னா ஆறு நிமிஷத்துக்குள்ள. எட்எக்ஸ் தளத்தோட இணையப் பாடங்கள்ல 69 லட்சம் தடவை வீடியோ பார்த்த பதிவை வச்சு 2014-ல வந்த ஆய்வு அதைத்தான் சொல்லுது. நீளமா இருந்தா துண்டு போடு. போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வை, ஃபேனை அணை. படம் சுமாரா இருந்தாப் பொறுத்துப்பாங்க, சத்தம் இரைஞ்சா மூடிடுவாங்க.

ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கற கருவியை நம்பிப் பிள்ளைங்களைத் தண்டிக்காதீங்க. சாட்ஜிபிடியை உருவாக்கின ஓப்பன்ஏஐ, தானே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதலைன்னு 2023 ஜூலைல எடுத்துட்டாங்க. சந்தேகம்னா பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு, கட்டுரைல ஒரு பத்தியைக் காட்டி “இதை எனக்கு விளக்கு”ன்னு கேளுங்க. ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

கதிர் (8:51): சித்தி, ஒரு கேள்வி எழுதிட்டேன், பாருங்க. “மின்கலத்தோட ரெண்டு பல்பு தொடர் இணைப்புல. எது பிரகாசமா எரியும்? ஏ முதல் பல்பு, பி ரெண்டாவது பல்பு, சி ரெண்டும் சமம், டி தெரியலை.” மின்னோட்டம் முதல் பல்புலயே பாதி தீர்ந்துடும்னு நினைக்கறவங்க ஏ காட்டுவாங்க.

சுந்தரி சித்தி (8:58): நல்லா எழுதியிருக்கே கண்ணா. “ஒரே மாதிரியான ரெண்டு பல்பு”ன்னு சேர்த்துடு, இல்லன்னா சி சரின்னு சொல்ல முடியாது. முதல் பல்புன்னா எதுன்னு புரியற மாதிரி படமும் போடு.

இளங்கோ மாமா (9:03): இதுலயும் அந்தத் தசமக் கதைதான் கதிரு. மின்கலம் எப்பவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் தரும்னு நினைக்கற பிள்ளையும் சிதான் காட்டும். அதனால கூடவே ரெண்டாவது கேள்வி ஒண்ணு வை: “அதே மாதிரி மூணாவது பல்பைத் தொடர்ல சேர்த்தா முதல் ரெண்டும் எப்படி எரியும்? ஏ கூடும், பி முன்ன மாதிரியே, சி குறையும்.” முதல்ல சி காட்டிட்டு இங்க பி காட்டற பிள்ளைங்க எண்ணைக் குறிச்சுக்க. ஃபெட் மின்சுற்று சிமுலேஷனை முதல்ல அவங்க கையில கொடு.

கதிர் (9:05): சரி மாமா. தாள் 32, 160 ஜிஎஸ்எம். நாளைக்கே பிரின்ட் எடுத்துடறேன்.

மீனா (9:06): எனக்கும் சேர்த்து எடுடா. 40 அட்டைத் தொகுப்பு, 20 தாள்.